ஊதா நிறத்தில் ஓர் எச்சரிக்கை

முதியவர்களுக்குப் பொருத்தப்படும் சிறுநீர்க் குழாய் அபூர்வமாகச் சில விபரீதங்களைக் கொண்டுவருகிறது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

காட்சி பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பக்கவாதம் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருக்கும் மாமியார். கட்டில் சட்டத்தில் தொங்கும் யூரின் பையைக் காலி செய்யக் காலையில் வரும் மருமகள் அப்படியே நின்றுவிடுகிறார். முந்தின நாள் வெளிர் மஞ்சளாக இருந்த பை இப்போது நாவல் பழத்தைப் பிழிந்து ஊற்றியது போல ஊதா நிறத்தில் இருக்கிறது. "என்னங்க, இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்." கணவர் வருகிறார், பார்க்கிறார், வாயடைத்துப் போகிறார். மருந்து மாறிவிட்டதா? சிறுநீரகம் கெட்டுவிட்டதா? ரத்தம் இப்படிக் கறுத்துவிட்டதா? அரை மணி நேரத்தில் வாசலில் ஆட்டோ நிற்கிறது.

மருத்துவமனையில் பணியில் இருக்கும் இளம் டாக்டரும் இதற்கு முன் இப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார். பாடப் புத்தகத்தின் மூலையில் ஒரு வரியாக மட்டும் இடம்பெறும் விஷயம் அது. 'ஊதா நிற யூரின் பை நோய்க்குறி' என்பது அதன் பெயர். 1978-இல் பிரிட்டனின் லேன்செட் மருத்துவ இதழில் பார்லோ, டிக்ஸன் என்ற இருவர் இதைப் பற்றி எழுதினார்கள். அதன் பிறகு இந்தியா உட்படப் பல நாடுகளிலிருந்து இத்தகைய தகவல்கள் வந்தபடி இருக்கின்றன. நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரே மாதிரியானவர்கள்: வயதானவர்கள், குறிப்பாகப் பெண்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மலச்சிக்கல் உள்ளவர்கள், நீண்ட நாளாகக் குழாய் போட்டிருப்பவர்கள்.

குடலில் தொடங்கும் சாயப்பட்டறை

இந்த ஊதா நிறத்தின் கதை சிறுநீர்ப்பையில் அல்ல, குடலில் ஆரம்பிக்கிறது. பருப்பு, பால், முட்டை போன்ற புரத உணவுகளில் டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மலச்சிக்கலால் மலம் குடலில் தேங்கும்போது, அங்குள்ள பாக்டீரியாக்கள் டிரிப்டோஃபனை இண்டோலாக மாற்றுகின்றன. இண்டோல் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய் இண்டாக்ஸில் சல்ஃபேட்டாக மாறி, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. இதுவரை நிறம் எதுவும் கிடையாது. குழாயில் குடியேறியிருக்கும் சில கிருமிகள் (பிராவிடென்சியா, க்ளெப்சியெல்லா, புரோட்டியஸ் போன்றவை) சுரக்கும் நொதிகள் அதை உடைக்கும்போதுதான் வேடிக்கை நடக்கிறது. இரண்டு சாயங்கள் உருவாகின்றன: ஒன்று நீல நிற இண்டிகோ, மற்றது சிவப்பு நிற இண்டிருபின். இரண்டும் பிளாஸ்டிக் பையில் ஒட்டிக்கொள்ளும்போது ஊதா நிறம் தெரிகிறது. காரத்தன்மை உள்ள சிறுநீரில் இது சுலபமாக நடக்கும்.

இந்த இண்டிகோ வேறொன்றுமில்லை, நம் அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் அதே நீலம். 1917-இல் காந்திஜி சம்பாரணுக்குப் போனது இந்த நீலத்தைப் பயிரிடும்படி கட்டாயப்படுத்தப்பட்ட விவசாயிகளுக்காகத்தான். அதே சாயம் ஒரு பாட்டியின் யூரின் பையில் தானாகவே தயாராகிவிடுகிறது.

ஆபத்தா? பார்க்க பயங்கரமாக இருந்தாலும் நிறத்தால் மட்டும் உயிருக்கு ஆபத்தில்லை. மலச்சிக்கலைச் சரி செய்து, குழாயையும் பையையும் மாற்றினால் நிறம் போய்விடும். காய்ச்சல், குளிர் நடுக்கம் போன்ற தொற்றின் அறிகுறிகள் இருந்தால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். ஆனால் ஊதா நிறம் ஒரு சேதியைச் சொல்கிறது: குழாயில் கிருமிகள் நன்றாகக் கூடு கட்டிவிட்டன, குடல் சரியாக வேலை செய்யவில்லை, நோயாளியின் பராமரிப்பில் எங்கோ ஓட்டை இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடமும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடமும் அந்தச் சேதியை அலட்சியம் செய்யக் கூடாது.

பலூன் செய்யும் வினை

நிறம் மாறினால் குடும்பமே அலறுகிறது. உண்மையிலேயே ஆபத்தான சிக்கல்கள் பலவற்றுக்கு நிறமே கிடையாது. அவற்றில் பல, குழாயின் நுனியில் இருக்கும் ஒரு சிறிய பலூனோடு தொடர்புடையவை.

சிறுநீர் அடைப்புக்குக் குழாய் செருகுவது பழைய வைத்தியம். சுஸ்ருத சம்ஹிதையிலேயே இதற்கான குழாய்கள் பற்றிய குறிப்பு உண்டு. 1752-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், கல்லடைப்பால் அவதிப்பட்ட தன் அண்ணனுக்காக வளையக்கூடிய வெள்ளிக் குழாய் ஒன்றைச் செய்வித்தார். ஆனால் குழாய் வழுக்கி வெளியே வந்துவிடாமல் உள்ளேயே நிற்க வைப்பது எப்படி என்பது நெடுநாள் பிரச்சினையாக இருந்தது. அமெரிக்க டாக்டர் ஃபிரெடரிக் ஃபோலி 1930-களில் அதற்கு ஒரு விடை கண்டார். ரப்பர் குழாயின் நுனியில் ஒரு பலூன், அதை ஊத ஒரு தனி வழி. உள்ளே போன பிறகு பலூனில் நீர் நிரப்பினால் குழாய் சிறுநீர்ப்பையின் வாயில் தங்கி நிற்கும். காப்புரிமை வழக்கில் அவர் தோற்றார், உரிமை வேறொருவருக்குப் போனது. பெயர் மட்டும் இன்றுவரை அவருடையதாகவே இருக்கிறது. எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் 'ஃபோலீஸ்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்தப் பலூனை எங்கே ஊதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண்களின் சிறுநீர்ப் பாதை சுமார் 20 செ.மீ. நீளம், நடுவில் வளைவு, வயதானவர்களுக்கு வீங்கிய புரோஸ்டேட் வேறு வழியை அடைக்கும். குழாய் பாதி தூரம் போனதும் தடைபடுகிறது. அவசரத்தில் 'போய்விட்டது' என்று நினைத்து அங்கேயே பலூனை ஊதினால் சிறுநீர்ப் பாதை கிழிந்து ரத்தம் கொட்டும். பின்னாளில் அந்த இடம் தழும்பாகிச் சுருங்கி, நிரந்தரத் தொல்லையாகும். விதி எளிமையானது: ஆண்களுக்குக் குழாயை அதன் கிளை பிரியும் இடம் வரை முழுவதும் உள்ளே செலுத்த வேண்டும், சிறுநீர் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பலூனை ஊத வேண்டும். ஊதும்போது நோயாளி வலியில் முகம் சுளித்தால் உடனே நிறுத்த வேண்டும். மறதி நோய் முற்றிய முதியவரால் வலியை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண்களின் சிறுநீர்ப் பாதை 4 செ.மீ. அளவே. இங்கே ஆபத்து வேறு விதமானது. மிக அபூர்வமாகக் குழாயின் நுனி சிறுநீர்ப்பையைத் தாண்டி, சிறுநீரகத்திலிருந்து வரும் மெல்லிய நாளத்துக்குள் நுழைந்துவிடுகிறது. நீண்ட நாள் குழாய் போட்டதால் சிறுநீர்ப்பை சுருங்கிப்போன பெண்களுக்கு இது நேர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அந்த நாளத்துக்குள் பலூன் ஊதப்பட்டால் அது வெடித்துக் கிழியவும் கூடும். குழாய் மாற்றிய சிறிது நேரத்தில் விலாப்புறத்தில் வலி, பையில் சிறுநீர் மிகக் குறைவு, காய்ச்சல் என்று வந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே உத்தமம்.

இன்னொரு வினை, பலூன் சுருங்க மறுப்பது. குழாயை எடுக்க வரும் நர்ஸ் சிரிஞ்சைப் பொருத்தி இழுக்கிறார். ஒரு சொட்டு நீர்கூட வரவில்லை. பலூனுக்குப் போகும் வழி அடைபட்டிருக்கலாம். ஸ்டெரைல் தண்ணீருக்குப் பதிலாக உப்பு நீரை நிரப்பியிருந்தால் உப்பு படிந்து அடைத்திருக்கலாம். அப்போது பலம் கொண்ட மட்டும் இழுப்பதும், வீட்டிலேயே கத்தரிக்கோலை எடுத்துக் குழாயை வெட்டுவதும் பெரிய தவறுகள். வெட்டிய துண்டு உள்ளே போய்விட்டால் அதை எடுக்கத் தனி சிகிச்சை தேவைப்படும். சிறுநீரக மருத்துவரிடம் போனால் மெல்லிய கம்பியை பலூன் வழியில் செலுத்தியோ, அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசியால் பலூனைக் குத்தியோ எடுத்துவிடுவார்.

இரவில் குழம்பிப்போகும் முதியவர் தானே குழாயைப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. ஊதிய பலூன் அப்படியே வெளியே வரும்போது ஏற்படும் காயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கையைக் கட்டிப்போடுவது இதற்குத் தீர்வாகாது. அது குழப்பத்தை அதிகமாக்கும். குழாயைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, பேன்ட் அல்லது வேட்டிக்கு உள்ளே மறைவாக வைத்தாலே கை அங்கே போவது குறையும். அந்தக் குழாய் அவருக்கு அவசியம்தானா என்று கேட்பது இன்னும் நல்லது.

அடைப்பும் ஓட்டையும்

நீண்ட நாள் குழாயின் நிரந்தர விரோதி புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற கிருமி. இது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. சிறுநீர் காரமாகிறது. அதில் கரைந்திருக்கும் மக்னீசியமும் கால்சியமும் கல்லாகப் படிகின்றன. பாத்ரூம் குழாயில் உப்புத் தண்ணீர் படிவது போலத்தான். ஒருநாள் குழாய் முழுவதும் அடைத்துக்கொள்கிறது. பை காலியாக இருக்கிறது. 'இன்றைக்கு அப்பாவுக்குச் சிறுநீர் குறைவு, தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை போல' என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே சிறுநீர்ப்பை பானை போல உப்பிக்கொண்டிருக்கிறது. ஊதா நிறப் பையைவிட இந்தக் காலிப் பைதான் பயப்பட வேண்டியது.

குழாயைச் சுற்றிச் சிறுநீர் கசிவதும் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். 'குழாய் சின்னதாகிவிட்டது, பெரிய சைஸ் போடுங்கள்' என்று கேட்பது வழக்கம். பெரிய குழாய் பாதையை இன்னும் புண்ணாக்குவதுதான் மிச்சம். பெரியவர்களுக்கு 14 அல்லது 16 எண் குழாயே பெரும்பாலும் போதும். இந்த எண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை மூன்றால் வகுத்தால் குழாயின் தடிமன் மில்லி மீட்டரில் கிடைக்கும். 16 எண் என்றால் சுமார் 5.3 மி.மீ. பாரிஸில் கருவிகள் செய்துவந்த ஷாரியே 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு முறை இது.

மிகவும் அபூர்வமானது, அதே சமயம் மிகவும் ஆபத்தானது, சிறுநீர்ப்பையே ஓட்டையாவது. மாதக்கணக்கில் காலியாகவே இருக்கும் சிறுநீர்ப்பையின் சுவரில் குழாயின் நுனி உரசிக்கொண்டே இருக்கும். தொற்றால் ஏற்கெனவே நைந்துபோன சுவர் ஒருநாள் விட்டுக்கொடுத்துவிடும். சிறுநீர் வயிற்றுக்குள் கசியும். வயிற்று வலி, வீக்கம், பையில் வரும் அளவு குறைவு என்று ஆரம்பிக்கும் இதைக் குடல் கோளாறு என்று தவறாக நினைக்க வாய்ப்பு அதிகம். வயிற்றைப் பரிசோதிக்கும் டாக்டரிடம், 'இவருக்கு இத்தனை மாதமாகக் குழாய் இருக்கிறது' என்று முதலிலேயே சொல்லிவிடுவது உயிரைக் காப்பாற்றக்கூடும்.

அபூர்வம் என்று சொல்ல முடியாத, ஆனால் வெளியே பேசக் கூச்சப்படும் ஒரு சிக்கலும் உண்டு. ஆண்களுக்குக் குழாய் போடும்போது முன்தோலைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். வேலை முடிந்ததும் அதை மறுபடி முன்னுக்கு இழுத்துவிட மறந்துபோனால், சில மணி நேரத்தில் வளையம் போல இறுக்கி, வீங்கி, ரத்த ஓட்டம் தடைபடும். தினமும் துடைத்துச் சுத்தம் செய்கிறவர்களும் இதை மறக்கக் கூடாது. பார்த்ததும் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட நேரமில்லை.

மறந்துபோன குழாய்

இத்தனை சிக்கல்களுக்கும் மூலகாரணம் ஒன்றுதான்: குழாய் தேவைக்கு அதிகமான நாட்கள் உள்ளே இருப்பது. குழாய் போட்ட ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை கூடுகிறது. ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கிருமி வந்துவிடும். மருத்துவமனைகளில் தொற்றும் சிறுநீர்த் தொற்றுகளில் சுமார் 75 சதவீதம் குழாயோடு தொடர்புடையவை என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

போட்ட குழாய் டாக்டருக்கே நினைவில் இருப்பதில்லை என்பதுதான் வேதனை. அமெரிக்க மருத்துவமனைகளில் நடத்தி 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, தங்கள் நோயாளிக்குக் குழாய் இருப்பதே தெரியாமல் இருந்த டாக்டர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தது. மொத்தத்தில் 28 சதவீதம். பொறுப்பில் இருந்த மூத்த டாக்டர்களிடையே 38 சதவீதம். 2008 அக்டோபரில் அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம், மருத்துவமனையில் குழாயால் வரும் தொற்றுக்கான கூடுதல் செலவைத் தர முடியாது என்று கைவிரித்தது. பணம் போகும் என்றதும் பல மருத்துவமனைகள் விழித்துக்கொண்டன. 'இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?' என்று நர்ஸ் தினமும் கேட்கும் வழக்கம் பரவியது.

நம் நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது பெரும்பாலும் குடும்பம்தான். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல், மக்கள்தொகையில் 8.6 சதவீதம். இடுப்பெலும்பு முறிந்தோ, பக்கவாதம் வந்தோ மருத்துவமனைக்குப் போகும் முதியவர்களில் பலர் குழாயோடு வீடு திரும்புகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளின் பட்டியல் இருக்கும். குழாயை எப்போது மாற்ற வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்ற குறிப்பு இருக்காது. 'பெட்ஷீட் நனையாமல் சௌகரியமாக இருக்கிறது' என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். சிறுநீர் அடங்காமல் போவதற்கு மட்டும் குழாய் சரியான வைத்தியம் அல்ல. டயபர், ஆண்களுக்கு வெளியே மாட்டும் காண்டம் வகைக் குழாய், வேளா வேளைக்குக் குழாய் விட்டு உடனே எடுத்துவிடும் முறை என்று வழிகள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்ன முறையை 1972-இல் பிரபலப்படுத்தியவர் மிச்சிகனைச் சேர்ந்த டாக்டர் ஜாக் லாபிடஸ். நிரந்தரமாகக் குழாய் தேவை என்றால் அடிவயிற்றின் வழியாகப் போடுவது பற்றியும் டாக்டரிடம் கேட்கலாம்.

கேரளம் இதில் ஒரு வழி காட்டியிருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் ஊர்தோறும் பரவி, 2008-இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. பஞ்சாயத்து நர்ஸ் தன்னார்வலர்களோடு வீட்டுக்கே வந்து குழாய் மாற்றுகிறார், பார்த்துக்கொள்பவருக்கு பாடமும் எடுக்கிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பராமரிப்பு தருவது சேர்க்கப்பட்டிருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. நோயாளியைத் தூக்கும்போது பையை வயிற்றின் மேல் வைத்தால், தேங்கிய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். முக்கால் பை நிறையும் வரை காத்திருக்காமல் காலி செய்யுங்கள். அதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள். குழாயையும் பையையும் தேவையில்லாமல் பிரித்து மாட்டாதீர்கள். குழாய் போட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு தினமும் சுத்தம் செய்தால் போதும். டெட்டால் வேண்டாம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இல்லாவிட்டால் தண்ணீர் தாராளமாகக் கொடுக்கலாம். மலச்சிக்கலைக் கவனியுங்கள். நிரம்பிய குடல் குழாயை அழுத்தி அடைக்கவும் செய்யும்.

சிறுநீரில் நாற்றம் அடிக்கிறது, பரிசோதனையில் கிருமி இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள். நீண்ட நாள் குழாயில் கிருமி இருப்பது சகஜம். அறிகுறி இல்லாமல் மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, சிறுநீரில் ரத்தம், திடீர்க் குழப்பம் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். நான்கைந்து மணி நேரமாகப் பையில் எதுவும் இறங்காவிட்டால் முதலில் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, உடம்புக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சாதாரண லேடெக்ஸ் குழாய் சுமார் 4 வாரம், சிலிக்கான் குழாய் அதிகபட்சம் 12 வாரம் என்பது பொதுக் கணக்கு. சிலருக்கு முன்னதாகவே அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு அதற்கேற்ப முன்கூட்டியே மாற்ற வேண்டும். குழாய் போட்ட தேதி, அதன் எண், பலூனில் எத்தனை மில்லி நீர் நிரப்பினார்கள் என்ற மூன்றையும் நர்ஸிடம் கேட்டு, பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் காலண்டர் தாளைக் கையோடு கொண்டுபோய், ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "இவருக்கு இந்தக் குழாய் இன்னும் வேண்டுமா, டாக்டர்?"